இறுகிப்போன பழைய டிராக்டர் எஞ்சின்: ஊறவைப்பதா, இழுப்பதா, பிரிப்பதா?

பல ஆண்டுகள் ஓடாமல் நின்றுவிட்ட பழைய டிராக்டரின் எஞ்சின் சுழல மறுக்கும்போது, எந்த எண்ணெயை ஊற்றினால் விடும் என்பதே பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கிறது. என் கணிப்பில் அது நான்காவது கேள்வி. எஞ்சின் எதனால் இறுகியது, அதன் சிலிண்டர் எவ்வகைக் கட்டமைப்பு உடையது, சுழன்ற பிறகு அதை என்ன செய்யப் போகிறோம் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்தால், எண்ணெய் தேவையா என்பதே அதிலிருந்து தெளிவாகிவிடும். அவற்றுக்கு விடை காணாமல் ஊற்றத் தொடங்குகிறவர்கள்தான் மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டுப் பொறுமையிழந்து, கடைசியில் வண்டியைச் சங்கிலி கட்டி இழுக்கிறார்கள்.

## இறுகியிருப்பது எஞ்சின்தானா?

கியர் நியூட்ரலில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிவிட்டு ஒருமுறை முயன்று பாருங்கள். அதன் பினியன் ஃப்ளைவீல் பல்லில் கவ்விக்கொண்டு நின்றிருந்தாலும் எஞ்சின் அசையாது. வாட்டர் பம்ப், டைனமோ ஆகியவற்றின் பெல்ட்டையும் தளர்த்திவிட வேண்டும். ஹைட்ராலிக் பம்ப் எஞ்சினோடு நேரடியாக இணைந்த வண்டிகளில் அந்தப் பம்பும், டீசல் எஞ்சினில் எரிபொருள் பம்பும் துருவேறி, டைமிங் கியர் வழியாக முழு எஞ்சினையும் நிறுத்திவைக்கக்கூடும். இவற்றையெல்லாம் விலக்கிய பிறகும் அசையவில்லை என்றால்தான் கீழே வருபவற்றுக்கு வேலை.

## எதை வைத்து முடிவெடுப்பது

இறுகியதன் காரணம். ஓடிக்கொண்டிருந்தபோது எண்ணெய் வற்றியோ சூடேறியோ நின்ற எஞ்சினும், நன்றாக ஓடி நிறுத்தப்பட்டுப் பின்னர் துருவேறிய எஞ்சினும் வெவ்வேறு நோயாளிகள். முதலாவதில் பிஸ்டன் உலோகம் சிலிண்டர் சுவரில் அப்பியிருக்கும், அல்லது பேரிங் உருகிக் கிராங்க் ஷாஃப்டைக் கவ்வியிருக்கும். அதை எந்தத் திரவமும் கரைக்காது. இரண்டாவதில் பெரும்பாலும் குற்றவாளி நிமிர்ந்து நிற்கும் சைலன்சர் குழாய். நான்கு சிலிண்டர் எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் ஏதேனும் ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்தே இருக்கும். மூடியில்லாத குழாயில் இறங்கும் மழைநீர் அந்த வழியாகவே உள்ளே போகிறது. எனவே துருப்பிடித்த எஞ்சினில் நான்கு பிஸ்டன்களும் இறுகியிருப்பது அரிது. ஒன்றோ இரண்டோ இறுகி, மற்றவற்றையும் பிடித்து நிறுத்தியிருக்கும். ஸ்பார்க் பிளக் அல்லது இன்ஜெக்டர் துளை வழியாகக் கைபேசியில் பொருத்தும் சிறு கேமராவை விட்டுப் பார்த்தால் எந்தச் சிலிண்டர் என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். எலிகள் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றும் புகையும் போய்வரும் குழாய்) வழியாக நுழைந்து கூடு கட்டியிருப்பதும் அப்போதுதான் கண்ணில் படும்; அந்தக் கூடு ஈரத்தைப் பிடித்துவைப்பதால் அந்தச் சிலிண்டரின் சுவர் மற்றவற்றைவிட மோசமாக அரித்திருக்கும்.

சிலிண்டரின் கட்டமைப்பு. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. 1946 முதல் 1956 வரை உருவான ஃபெர்குசன் டிஇ20 வண்டிகளின் எஞ்சினில் ஈர லைனர்கள் (லைனர் என்பது எஞ்சினின் முக்கிய வார்ப்பான பிளாக்கில் செருகிய, பிஸ்டன் ஓடும் உறைக்குழாய்) இருக்கின்றன. அதாவது லைனரைச் சுற்றிக் குளிர்விக்கும் நீர் நேரடியாக ஓடும், அடியில் உள்ள கேஸ்கெட்தான் அந்த நீர் எண்ணெயில் கலக்காமல் காக்கும். 1947 முதல் 1952 வரை வெளிவந்த ஃபோர்டு 8என் வண்டியில் லைனர் பிளாக்கின் இரும்போடு ஒட்டி நிற்கும் உலர் வகை. ஜான் டியர் பி போன்ற இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் தனி லைனரே கிடையாது. பிஸ்டன் பிளாக்கிலேயே ஓடுகிறது. இம்மூன்றிலும் ஒரே அடி ஒரே விளைவைத் தராது.

தவறினால் உடையப்போவது எது. கேஸ்கெட் போனால் மாற்றிவிடலாம். உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு கடந்த வண்டியின் பிளாக்கோ, பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடோ போனால் தேடி அலைய வேண்டியிருக்கும்.

சுழன்ற பின் என்ன. கண்காட்சியில் நிறுத்தி எப்போதாவது ஓட்டுவதற்கும், வயலில் கலப்பையோடு இறக்குவதற்கும் ஒரே அளவு வேலை போதாது. எப்படியும் பிஸ்டன் ரிங்கும் (பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே அடைக்கும் வளையம்) பேரிங்கும் மாற்றப்போகிறீர்கள் என்றால், பிரிக்காமலே விடுவிக்கும் முயற்சிகளில் செலவிடும் ஒவ்வொரு வாரமும் வீண்.

## வழி 1: ஊறவைத்து, மெல்ல அசைத்தல்

எண்ணெயைப் பற்றிய சண்டைகளுக்கு முடிவே இல்லை. ஏடிஎஃப் எனப்படும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயையும் அசிட்டோனையும் சம அளவில் கலப்பது பலரும் பரிந்துரைப்பது. டீசல், மண்ணெண்ணெய், கடையில் விற்கும் துரு தளர்த்தும் எண்ணெய் என ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. மெல்லிய திரவம் எதுவாயினும் வேலை செய்யும். காலமும் வெப்பமும் சிறு அசைவும்தான் உண்மையில் துருவைத் தளர்த்துபவை என்பதே என் கருத்து. அசிட்டோன் கலவையில் ஒரு சிக்கல், அவ்விரண்டும் ஒன்றாகக் கலந்து நிற்பதில்லை, குலுக்கிய சற்று நேரத்தில் பிரிந்துவிடும். பிறகு அசிட்டோன் ஆவியாகப் போய்விட, ஏடிஎஃப் மட்டும் எஞ்சும். அதன் ஆவி உறைநிலைக்கும் கீழான குளிரிலேயே தீப்பற்றக்கூடியது, ஆகவே மூடிய கொட்டகையில் அதைக் கையாள வேண்டாம்.

ஊற்றும்போது எஞ்சினின் அமைப்பைப் பார்க்க வேண்டும். ஃபோர்டு 8என் போன்ற பக்க வால்வு எஞ்சினில் வால்வுகள் பிளாக்கின் மேற்பரப்பிலேயே அமைந்திருப்பதால், திறந்து நிற்கும் வால்வு வழியாக எண்ணெய் மேனிஃபோல்டுக்குள் வழிந்துவிடும். மறுநாள் மட்டம் இறங்கியிருப்பதைக் கண்டு, ரிங் வழியாக எண்ணெய் இறங்குகிறது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. மேனிஃபோல்டின் அடிப்பகுதி நனைந்திருக்கிறதா என்று முதலில் தடவிப் பாருங்கள். ஜான் டியர் இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் பிஸ்டன்கள் படுத்த நிலையில் இருப்பதால் எண்ணெய் கீழ்ச்சுவரில் மட்டுமே தேங்கும், மேல்பாதி வறண்டே கிடக்கும். சிலிண்டரை மூடும் ஹெட் முன்பக்கம் நோக்கி இருப்பதால், வண்டியின் முன்பகுதியைப் பாதுகாப்பாக உயர்த்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து நிறுத்தினால் எண்ணெய் பிஸ்டன் பக்கம் சேரும்.

அசைக்கும் முறையில் பொறுமை வேண்டும். கிராங்க் புல்லியில் ஒரு சுண்ணக்கட்டிக் கோடு போட்டு, அதற்கு எதிரே பிளாக்கில் ஒரு கம்பி முனையைக் கட்டிவையுங்கள். ஃப்ளைவீல் பல்லில் நெம்பியால் மிதமாக அழுத்தி, முதலில் பின்னோக்கி, பிறகு முன்னோக்கி அசைத்துவிட்டுக் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மயிரிழை நகர்ந்தாலும் வழி திறந்துவிட்டது என்று பொருள். கையை எடுத்ததும் கோடு பழைய இடத்துக்கே திரும்பினால் அது பேரிங் இடைவெளியும் இரும்பின் வளைவும்தான், பிஸ்டனின் அசைவு அன்று. நெம்பியை ஒரே பல்லில் ஊன்றிப் பலத்தைக் காட்டினால் ரிங் கியரின் பல் உடையும். புல்லி முனையின் போல்ட்டும் கைப்பிடி மாட்டும் கவ்வியும் இத்தகைய முறுக்கைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

மறைந்திருக்கும் செலவு காலம்தான். அத்துடன், விடுபட்ட பின் சிலிண்டர் சுவரின் நிலை உங்களுக்குத் தெரியாமலே இருக்கும். ரிங் தன் பள்ளத்திலேயே ஒட்டிக்கிடந்தால் வண்டி ஓடும், ஆனால் நீலப் புகையும் எண்ணெய்ச் செலவும் நிற்காது. நன்றாக ஓடி நிறுத்தப்பட்ட வண்டி, கேமராவில் தெரியும் துரு மேலோட்டமானது, அவசரமில்லை என்ற மூன்றும் சேர்ந்தால் இந்த வழிதான் சரி.

## வழி 2: இன்னொரு வண்டியால் இழுத்தல்

இதைப் பரிந்துரைப்பவர்கள் நிறைய. நான் அவர்களில் ஒருவனல்லன். மேல் கியரில் போட்டு இழுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கியர் விகிதம் குறைவாக இருக்கும்போது பின்சக்கரத்தின் பிடிப்பு குறையாமல் கிராங்க் ஷாஃப்டுக்குப் போய்ச் சேர்கிறது. கீழ் கியரிலோ சக்கரம் வழுக்கிவிடும். ஆனால் அந்த முறுக்கு எங்கே போய் முட்டுகிறது என்பதை நிறுத்த வழியே இல்லை. ஒரு பிஸ்டன் மட்டும் இறுகியிருந்தால் கிராங்க் ஷாஃப்டின் முழுப் பலமும் அதன் கனெக்டிங் ராடில் விழுந்து அதை வளைக்கும். வால்வு தண்டு வழிகாட்டியில் துருவேறி நின்றிருந்தால் வால்வைத் திறக்கும் புஷ் ராடு வளையும், அல்லது பிஸ்டன் போய் வால்வில் மோதும். ஏற்கெனவே ஊற்றிய எண்ணெய் சிலிண்டரில் நிறைந்திருக்க, பிளக்கும் மாட்டியிருந்தால், அமுங்காத அந்தத் திரவமே ராடை முறிக்கப் போதும். சங்கிலி அறுந்து தெறிப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதே உத்தியின் சாதுவான வடிவம் ஒன்று உண்டு. சமதளத்தில் வண்டியை மேல் கியரில் வைத்து, பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஓரிருவர் பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் தள்ளுவது. மனித பலத்துக்கு எல்லை இருப்பதால் உடைப்பதும் கடினம். ஊறவைப்பதோடு சேர்த்துச் செய்ய இது நல்ல துணை.

## வழி 3: கிரீஸ் அழுத்தம்

பிளக் துளையில் ஒரு இணைப்பியைப் பொருத்தி, சிலிண்டருக்குள் எண்ணெயை நிரப்பிவிட்டுக் கிரீஸ் கன்னால் அழுத்தி பிஸ்டனைக் கீழே தள்ளும் முறை இது. கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கும். 8என் பிஸ்டனின் விட்டம் ஏறக்குறைய 81 மில்லிமீட்டர், அதன் பரப்பு 51 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 1,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 1,000 பவுண்டு) அழுத்தம் கொடுத்தாலே பிஸ்டன் மீது 3,600 கிலோ எடைக்கு நிகரான விசை இறங்கும். சாதாரணக் கைக் கிரீஸ் கன் இதைப் போல் பல மடங்கு அழுத்தத்தைத் தரவல்லது. அந்த அழுத்தம் பிஸ்டனை மட்டும் தள்ளுவதில்லை. அதே விசையோடு ஹெட்டையும் மேலே தூக்கப் பார்க்கிறது. ஹெட் ஸ்டட்டுகளும் கேஸ்கெட்டும் பழையவை என்பதை மறக்க வேண்டாம்.

இது வேலை செய்ய இரண்டு நிபந்தனைகள் உண்டு. அந்தச் சிலிண்டரின் வால்வுகள் இரண்டும் மூடியிருக்க வேண்டும். மேல் வால்வு எஞ்சினில் அதற்கு, வால்வுகளை அழுத்தும் ராக்கர்களைக் கழற்றிவிடுவது எளிது. பிஸ்டன் பாதை நடுவில் நிற்க வேண்டும். உச்சியிலோ அடியிலோ நிற்கும் பிஸ்டனை எவ்வளவு அழுத்தினாலும் கிராங்க் ஷாஃப்ட் திரும்பாது, விசை முழுவதும் ராடிலும் பேரிங்கிலும் போய் விழும். நான்கு சிலிண்டரில் வெளிப்புற இரண்டும் ஒன்றாகவும் உட்புற இரண்டும் எதிராகவும் நகர்வதால், முதல் பிஸ்டனைக் கீழே தள்ளும்போது இறுகிய இரண்டாவது பிஸ்டனை மேலே ஏற்றியாக வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஒற்றைச் சிலிண்டர் மட்டும் இறுகிய, உலர் லைனரோ லைனரே இல்லாத கட்டமைப்போ உள்ள எஞ்சினுக்கு, ஹெட்டைத் திறக்கவே முடியாத சூழலில் இது கைகொடுக்கும். ஹெட் எளிதாகக் கழலும் வண்டியில் இதைச் செய்ய எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. வேலை முடிந்ததும் மேனிஃபோல்டிலும் வால்வுகளிலும் அப்பிய கிரீஸைத் துடைக்கவே ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும்.

## வழி 4: பிரித்துப் பார்த்தல்

முழு வேலை என்பதால் பலர் இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். எனக்கோ, காரணம் தெரியாத எஞ்சினில் முதலில் செய்ய வேண்டியது இதுவே என்று தோன்றுகிறது. ஹெட்டைக் கழற்றிய கணத்தில் எந்தப் பிஸ்டன், எவ்வளவு துரு, சுவரில் குழி விழுந்திருக்கிறதா, ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் வந்திருக்கிறதா என்பது அத்தனையும் தெரிந்துவிடும். ஆனால் இங்கேதான் கட்டமைப்பு வேறுபாடு தன் முகத்தைக் காட்டுகிறது.

*ஈர லைனர் எஞ்சின்.* ஹெட் கழன்றதும் லைனர்களை மேலிருந்து அழுத்திப் பிடிப்பது எதுவும் இல்லை. அந்நிலையில் கிராங்க் ஷாஃப்டைத் திருப்ப முயன்றால் இறுகிய பிஸ்டன் லைனரையும் சேர்த்து மேலே தூக்கிவிடும். அடிக் கேஸ்கெட் இடம் பெயர்ந்து, பின்னர் நீர் எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்புக்குள் இறங்கும். கனமான வாஷர்களையும் ஹெட் ஸ்டட்டுகளையும் கொண்டு லைனர்களைக் கவ்விவைத்த பிறகே அசைக்க வேண்டும். இதைவிட நல்லது, சம்பைக் கழற்றி, ராடு மூடிகளை அவிழ்த்து, பிஸ்டனையும் லைனரையும் ஒன்றாகவே மேலே எடுத்துவிடுவது. புதிய லைனர், பிஸ்டன், ரிங் தொகுதி கிடைக்கும் வண்டியாக இருந்தால், பழைய பிஸ்டனை விடுவிக்க வேண்டிய அவசியமே இல்லை. டிஇ20 போன்ற வண்டியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் எண்ணெய் ஊற்றிக் காத்திருப்பது எனக்கு விளங்காத ஒன்று.

*உலர் லைனர், அல்லது லைனர் இல்லாத எஞ்சின்.* இங்கே பிஸ்டனை இருந்த இடத்திலேயே விடுவித்தாக வேண்டும். தண்ணீர் பிஸ்டனுக்கு மேல் தேங்குவதால் துரு பெரும்பாலும் பிஸ்டனுக்கு மேலேதான் இருக்கும், கீழ்ச்சுவர் எண்ணெய்ப் பூச்சோடு சுத்தமாக இருக்கும். எனவே மேலே தெரியும் சுவரை முதலில் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு, பிஸ்டனைச் சற்றே கீழே இறக்கி, பிறகு மேலே ஏற்றுவதே ஒழுங்கு. துருவைத் தேய்க்காமல் மேலே அடித்தால் ஆப்பு வைத்தது போல் இன்னும் இறுகும். சிலிண்டர் விட்டத்துக்குச் சற்றே குறைவான கனத்த மரக்கட்டையை வைத்து அடிக்க வேண்டும். அடி பிஸ்டனின் விளிம்பெங்கும் பரவ வேண்டுமே தவிர நடுவில் விழக் கூடாது. ராடு மூடிகளை அவிழ்த்துவிட்டால் ஒவ்வொரு பிஸ்டனும் தனியாகிவிடும், கிராங்க் ஷாஃப்ட் சுதந்திரமாகச் சுழல்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். வெளியே எடுக்கும் முன் சிலிண்டர் உச்சியில் தேய்மானத்தால் உண்டான விளிம்பைச் சீவ வேண்டும். இல்லையெனில் ரிங் அதில் மாட்டி, பிஸ்டனின் பள்ளம் உடையும்.

மறைந்த செலவுகள் இதில்தான் அதிகம். மேனிஃபோல்டு ஸ்டட்டுகள் பாதியில் முறிவது ஏறக்குறைய உறுதி. பல பழைய டிராக்டர்களில் எஞ்சினும் வார்ப்பிரும்புச் சம்பும் வண்டியின் முதுகெலும்பாகவே செயல்படுவதால், சம்பைத் தொடும் முன் முன் அச்சுக்கும் கியர்பெட்டிக்கும் தாங்கல் கொடுக்க வேண்டியிருக்கும். சுவரில் ஆழமான குழி இருந்தால் ஹோனிங் (சுவரை மெல்லத் தேய்த்துச் சீராக்குதல்) போதாது, போரிங் செய்து (துளையைக் கடைந்து பெரிதாக்கி) பெரிய பிஸ்டன் போடவோ புது லைனர் இறக்கவோ பிளாக்கைப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

## துணை வழிகள்

வெப்பம் தனி வழியன்று, முதல் வழிக்கும் நான்காவது வழிக்கும் துணை. அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரிவதால், அலுமினியப் பிஸ்டன் சூடாக்கும்போது இன்னும் இறுகும். ஆறும்போதுதான் துருப்பிணைப்பு விட்டு எண்ணெய்க்கு இடம் கிடைக்கும். கொதிநீரைக் குளிர்விப்புப் பாதையில் ஊற்றி ஆறவிடுவது பாதுகாப்பானது. அசிட்டோனோ பெட்ரோலோ ஊற்றிய எஞ்சினுக்கு அருகே சுடர் கூடாது.

சலவைச் சோடா கரைசலும் பேட்டரி சார்ஜரும் கொண்டு மின்னாற்பகுப்பு முறையில் துருவை நீக்குவது வார்ப்பிரும்புப் பிஸ்டனுக்கு மட்டுமே ஏற்றது. அலுமினியத்தை அந்தக் கரைசலே அரித்துவிடும். ரிங்குக்கும் சுவருக்கும் இடையிலான மெல்லிய இடுக்கில் அது அதிகம் எட்டுவதுமில்லை. உறைபனியால் பிளாக் வெடித்திருந்தால் வேறு எஞ்சினைத் தேடுவதுதான் வழி. அப்போது வண்டியின் மூல எண்ணைக் கொண்ட எஞ்சின் போய்விடும் என்பது சேகரிப்பாளருக்கு இழப்பு, உழவருக்கு இழப்பில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | காலம் | மோசமான விளைவு | மறைந்த செலவு | எப்போது ஏற்றது |
|---|---|---|---|---|
| ஊறவைத்து அசைத்தல் | வாரங்கள் முதல் மாதங்கள் | ரிங் கியர் பல் உடைதல் | ஒட்டிய ரிங், தெரியாத சுவர்நிலை | மேலோட்டத் துரு, நன்றாக ஓடி நின்ற வண்டி |
| வண்டியால் இழுத்தல் | நிமிடங்கள் | ராடு, வால்வு, புஷ் ராடு சேதம் | முழு எஞ்சின் வேலை | பரிந்துரைக்க இயலாது. கையால் தள்ளுவது வேறு |
| கிரீஸ் அழுத்தம் | ஓரிரு நாள் | கேஸ்கெட், ஸ்டட், ஹெட் சேதம் | கிரீஸைத் துடைக்க ஹெட்டைக் கழற்றுதல் | ஒரே சிலிண்டர், ஹெட் கழலாத நிலை |
| பிரித்தல், ஈர லைனர் | சில நாட்கள் | அடிக் கேஸ்கெட் கசிவு | லைனர் தொகுதி | டிஇ20 போன்றவை, உழவுக்குத் திரும்பும் வண்டி |
| பிரித்தல், உலர் லைனர் அல்லது லைனர் இன்மை | நாட்கள் முதல் மாதங்கள் | பிஸ்டன் உடைதல் | ஸ்டட் முறிவு, போரிங் | காரணம் தெரியாத, சூட்டால் இறுகிய எஞ்சின் |

## சுழன்ற பிறகு

எந்த வழியில் விடுபட்டாலும் ஸ்டார்ட்டரைத் தொடும் முன் சம்பின் எண்ணெயை முழுவதும் வடித்துவிட வேண்டும், ஏனெனில் ஊற்றிய திரவம் ரிங் வழியாக இறங்கி அதை நீர்க்கச் செய்திருக்கும். பிளக்குகளையோ இன்ஜெக்டர்களையோ கழற்றிவைத்துக் கையால் இரண்டு முழுச் சுற்று திருப்பி, சிலிண்டரில் தேங்கியது வெளியே தெறிக்க விடுங்கள்; துளைக்கு நேரே முகத்தை வைக்க வேண்டாம். அந்த இரண்டு சுற்றின்போது வால்வு மூடியைத் திறந்து ஒவ்வொரு வால்வும் இறங்கி மீண்டும் எழுகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கிய வால்வு எழாமல் நின்றால் அங்கேயே நிறுத்தி, வால்வு தண்டில் எண்ணெய் விட்டு ஸ்பிரிங் பக்கம் மெல்லத் தட்டி விடுவியுங்கள். பிஸ்டன் விடுபட்ட எஞ்சினில் அதன் பிறகு வளையும் புஷ் ராடுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சோதனையைத் தவிர்த்ததால் வளைந்தவை. வால்வுகள் சீராக இயங்கினால் புதிய எண்ணெய் ஊற்றி, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரால் சுழற்றி எண்ணெய் அழுத்தம் ஏறுவதைக் கண்ட பிறகு எரிபொருளைத் திறக்கலாம்.